ஆறாயிரம் லிராச் சிரிப்பு

ஆறாயிரம் லிரா. தாஜ் முகம்மதுக்கு இத்தாலிக்காரன் ஒருவன் தரவேண்டிய பாக்கி அது. மூன்று நாள் விசிறி வீசிய கூலி. மேலப்பாளையத்தில் அந்தத் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். "என்ன மாமா, லிரா வந்துட்டா?" என்று கேட்காமல் அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. "கப்பல்ல ஏத்திட்டான் வே, கப்பல்தான் மெதுவா வருது" என்று அவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில் தெருவே வாசலில் வந்து நின்றபோது யாரும் அதைக் கேட்கவில்லை.

மகள் மும்தாஜ் பேகம் டிவியின் மேல் உம்மாவின் பழைய துப்பட்டியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் வீடியோ டெக் வெளியே தெரிந்தது. இரண்டும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி கடையிலிருந்து முந்தின நாள் வாடகைக்கு வந்தவை. படுத்தபடியே பார்க்க வசதியாக, வாப்பாவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். கட்டில் இன்றும் அதே இடத்தில்தான் இருந்தது. வாப்பாவும் அதில்தான் இருந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

"லாத்தா, அத மொதல்ல வெளிய எடு," என்றான் தம்பி உமர் பாரூக். "மையத்து வீட்டுக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"வெளியன்னா எங்க, தெருவுலயா? அதான் மூடிட்டேம்லா."

"மூடிட்டா அது டிவி இல்லன்னு ஆயிருமா?"

"இதத் தூக்க ரெண்டு ஆளு வேணும். இங்கன நிக்கவங்க சந்தூக்குப் பெட்டி தூக்க வந்திருக்காவ. அவங்ககிட்ட போயி டிவியத் தூக்குங்கன்னு சொல்லட்டுமா?"

அவன் வெளியே போனான். கங்கைகொண்டான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தாடி வளர்த்து, புதுக் கூட்டாளிகளோடு தொழுகைக்குப் போகத் தொடங்கியதிலிருந்தே அவனுக்கு அந்தப் பாக்கிக் கதை பிடிக்காது. "சினிமாக்காரன் காசு நமக்கு ஹராம் வாப்பா. வராதது நல்லதுக்குத்தான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். வாப்பா கோபப்படவில்லை. "மூட்ட தூக்குன காசு ஹலாலு, விசிறி வீசுன காசு ஹராமா? ரெண்டுக்கும் கை ஒண்ணுபோலத்தாம்லே வலிச்சுது" என்றார்.

கல்யாணமாகி நாலாம் மாசம் கப்பலுக்குப் போனவர் வாப்பா. அடுப்பில் கரி அள்ளிப் போடுகிற வேலை. இத்தாலியில் நாப்போலித் துறைமுகத்தில் எஞ்சின் கெட்டுக் கப்பல் மாசக்கணக்கில் நின்றது. சம்பளம் பாதியானது. அப்போதுதான் சினிமாக்காரர்கள் கரைக்கு வந்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி, கறுத்த ஆளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். சிரிப்புப் படம். இந்தியாவிலிருந்து ஒரு ராஜா அவர்கள் ஊருக்கு வந்து கோணங்கித்தனம் பண்ணுகிறார். ராஜாவுக்குப் பின்னால் மயில்தோகை விசிறியோடு நிற்க ஆள் வேண்டும்.

"ராஜா யாருன்னு நெனக்கிய?" வாப்பா எப்போதும் இந்த இடத்தில் கதையை நிறுத்துவார். "நம்ம ஆளா? வெள்ளக்காரன். அவன் மூஞ்சில அரை டப்பா சாயத்தப் பூசி ராஜாவாக்கிட்டான். பெறவு என்னயப் பார்த்தான் பூசுதவன். 'நீ எந்த ஊரு'ன்னான். இந்தியான்னேன். 'பத்தாது'ன்னுட்டான். இந்தியாக்காரன் இன்னும் கறுப்பா இருப்பானாம். எனக்கு முழு டப்பா. அதுவும் பூட்ஸுக்குப் போடுத பாலிஷு."

மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தும் அது முழுசாகப் போகவில்லையாம். மும்தாஜும் உமரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, கிணற்றடியில் குளித்துவிட்டு வாப்பா குனிந்து உட்காருவார். "காதுக்குப் பின்னால பாருங்கலே, போயிட்டா?" இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து மடக்கிப் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கு வாப்பா" என்று உமர்தான் முதலில் சொல்லுவான். அவர் மறுபடி ஒரு வாளி இறைத்து ஊற்றிக்கொள்ளுவார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது.

பாக்கி வந்த கதை கடைசி நாளில் நடந்தது. ராஜா தலையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசவேண்டும். இந்தியப் பேச்சாம் அது. "எந்த ஊருப் பேச்சுன்னு எனக்கே தெரியல. கோழி கேறுத மாதிரி இருந்துச்சு." பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து குளத்தில் விழவேண்டும். விசிறிக்காரர்கள் மரமாக நிற்கவேண்டும். சிரித்தால் கூலி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ராஜா விழுந்தார். எழுந்தார். எழுந்தபோது சாயம் கரைந்து ஓடியது. "ராஜா வெளுத்துட்டாரு வே. குடம் குடமா கறுப்பு ஒழுகுது, உள்ள இருந்து வெள்ளக்காரன் வாரான். பின்ன எப்படிச் சிரிக்காம நிக்க?"

சிரித்துக் காட்சியைக் கெடுத்ததாகச் சொல்லி மூன்று நாள் கூலியையும் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் சரியாகிக் கிளம்பிவிட்டது. படம் என்ன ஆனது, அதற்கு என்ன பெயர், எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு நியாயம் வைத்திருந்தார். "என் சிரிப்ப வெட்டி எறிஞ்சிருந்தான்னா அவன் பிடிச்சது சரி. எனக்கு ஒண்ணும் தரவேண்டாம். படத்துல வச்சிருந்தான்னா அது கெட்டுப்போன சரக்கு இல்லல்லா? வித்துக் காசாக்கியிருக்காம்லா? அப்ப ஆறாயிரத்தையும் தரணும்." நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த பிறகும், நெஞ்சில் சளி கட்டிப் படுத்த பிறகும், இந்த ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வெட்டினானா, வைத்தானா.

மும்தாஜுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. அவள் பிறந்தபோது வாப்பாவுக்கு இளவயது தாண்டிவிட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இருமலும் நரைத்த மார்பும்தான். கப்பல் புஸ்தகத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு வாலிப முகமும் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு ஊறிக் கூழாகிவிட்டது. வீடு முழுக்க ஆற்றுச் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தை அவள்தான் பிரித்துப் பார்த்தாள். முகம் இருந்த இடத்தில் நீல மை கரைந்து ஒரு வட்டம் கிடந்தது.

அவள் மாப்பிள்ளை முஹ்சின் காயல்பட்டினத்துக்காரன். ஷார்ஜாவில் கேசட் கடையில் வேலை. மாமனார் சொன்ன அடையாளத்தை வைத்து அவன் தேடத் தொடங்கினான். பழைய சிரிப்புப் படம், ஐரோப்பாக்காரன் எடுத்தது, சாயம் பூசின ராஜா, பின்னால் கறுத்த ஆள், கையில் விசிறி. எளிதில் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் தப்பாகப் போனது. அந்த அடையாளத்துக்குப் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

முதல் கேசட் இங்கிலீஷ் படம். ராஜா இருந்தார், சாயம் இருந்தது, விசிறியும் இருந்தது. மந்திரமூர்த்தி டெக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டார். "இதா பாய்?" என்று கேட்டார்.

"இல்ல வே. இது வேற விசிறிக்காரன்."

இரண்டாவது பிரெஞ்சுப் படம். அதில் கறுத்தவர்கள் எலும்பு மாலை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரனை அண்டாவில் வைத்து அவித்தார்கள். மூன்றாவது எந்த நாட்டுப் படம் என்றே தெரியவில்லை. யானை வந்தது. யானைக்குப் பின்னால் நாலு விசிறிக்காரர்கள். கூத்து முன்னால் நடந்துகொண்டிருக்க, வாப்பா பின்னால் நிற்கிறவர்களையே பார்த்தார். "இவன் சோமாலிக்காரன். அந்தக் கடைசில நிக்கவன் சிலோன்காரன், நிக்குத நிப்பப் பாரு. அவனுக்குக் கால் கடுக்குது." படம் முடிந்து விளக்குப் போட்டபோது, "எத்தன பேருலே நின்னிருக்கோம்" என்றார். மந்திரமூர்த்தி அன்றைக்கு வாடகையைக் கேட்காமலே டெக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

போன வாரம் முஹ்சின் போனில் பேசினான். "இந்தத் தடவ குளம் இருக்கு மும்தாஜ். ராஜா விழுதாரு. விழுந்ததும் நான் நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்துனீங்க?"

"மாமா பார்க்காம நான் எப்படிப் பார்க்க? ஒரு ஆளு ஊருக்கு வாராரு, அவருகிட்ட கொடுத்து விடுதேன்."

அந்த ஆள் நேற்று வந்திருக்க வேண்டும். விமானம் பிந்திவிட்டது. வாப்பா டிவியின் இருண்ட கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். விடியக்காலை சுபுஹு பாங்கு சொல்லி முடிந்தபோது மும்தாஜ் தண்ணீர் கொடுக்கப் போனாள். தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

மையத்தைப் பின்கட்டில் சேலைகளை மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் உள்ளே உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மறைப்புக்கு இந்தப் பக்கம் சுவரோரமாக இருந்த மும்தாஜுக்குத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. செம்பு மோதுகிற சத்தம். கற்பூர வாசனை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் உமர். சத்தம் நின்றது. மறுபடி ஊற்றினான். மறுபடி நின்றது.

"போதும் தம்பி," பள்ளிவாசல் மோதினார் பைய சொன்னார். "காதுக்குப் பின்னால எத்தன தடவ கழுவுத. சுத்தமாத்தான் இருக்கு."

இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

வெள்ளைக் கபன் துணி சுற்றி, கடைசியாக முகம் காட்டி, மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். உம்மா அலிமா பீவி இத்தாவுக்காக உள்ளறைக்குப் போய்விட்டாள். இனி நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. பெண்கள் கதவுக்குப் பின்னால் நெருங்கி நின்றார்கள். உமர் சந்தூக்கின் தலைமாட்டில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா மையத்துக்கும் வாரிசு சொல்லுகிறதைச் சொன்னான்.

"எங்க வாப்பா ஆருக்காச்சும் கடன்பட்டிருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் தாரேன். கொடுக்கல் வாங்கல்ல, வாய்ப்பேச்சுல ஏதும் மனத்தாங்கல் இருந்தா அல்லாவுக்காக மன்னிச்சுப் பொருந்திக்கிடுங்க."

"பொருந்திக்கிட்டோம்," என்றார்கள் நாலைந்து பேர்.

செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்வாடையில் நின்ற மந்திரமூர்த்தி கையை உயர்த்தினார். "டெக் வாடகை மூணு தடவைக்கு நிக்குது தம்பி. அது வேண்டாம். நானுங்கூட உக்காந்துதான் பார்த்தேன்." துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதையும் நீங்க சொல்லுத மாதிரியே சொல்லிருதேன். பொருந்திக்கிட்டேன்."

மும்தாஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாப்பா தரவேண்டியதை உமர் கேட்டுவிட்டான். வாப்பாவுக்குத் தரவேண்டியவனை யார் கூப்பிட்டுக் கேட்பார்கள்? அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

சந்தூக்கு தெருமுனை திரும்பிய பிறகு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் ஷார்ஜாப் பை. கூட்டத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்க வேண்டும். பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய கேசட்டை எடுத்துக் கதவோரம் நீட்டினார். "முஹ்சின் கொடுத்தது. நேத்தே வந்திருக்கணும் தங்கச்சி" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு பையை வாசல் திண்டில் வைத்துவிட்டுச் சந்தூக்கின் பின்னால் ஓடினார்.

மூன்றாம் நாள் மத்தியானம். ஓதவந்தவர்கள் போய்விட்டார்கள். மும்தாஜ் சுளகை மடியில் வைத்துப் பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். துக்கத்துக்காகப் பீடிக் கம்பெனி பொறுத்துக்கொண்டிருக்காது. சுளகில் இலைக்கு அடியில் கேசட் இருந்தது. மூன்று நாளும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். போட்டுப் பார்க்கத் துணியவில்லை. மரித்த வீட்டில் படம் ஓட்டினாள் என்ற பேச்சு ஒருபக்கம். போட்டுப் பார்த்து அங்கே அவர் இல்லையென்றால் என்ன செய்வது என்பது மறுபக்கம். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு டெக் வேண்டும், சாயங்காலம் ஆள் வரும் என்று மந்திரமூர்த்தி சொல்லிவிட்டிருந்தார்.

லுஹர் தொழுதுவிட்டு உமர் வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு வெறும் கட்டிலில் உட்கார்ந்தான்.

"டெக் எப்ப போவுது?"

"சாயங்காலம்."

"கேசட்டு வந்துச்சாமே."

"வந்துச்சு."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினான். டிவியின் மேல் கிடந்த துப்பட்டியை உருவி, நாலாக மடித்து, கட்டிலில் வைத்தான். "எனக்கு இதப் போடத் தெரியாது. நீ போடு" என்றான்.

உள்ளறைத் திரை விலகியது. "எனக்கும் ஒரு பாயப் போடுங்க," என்றாள் உம்மா.

கறுப்புவெள்ளைப் படம். அங்கங்கே மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்தது. யார் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள், தடுக்கி விழுந்தார்கள், கன்னத்தில் அறைந்துகொண்டார்கள். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. தான் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுற்றி வைத்துத்தான் முஹ்சின் கேசட்டை அனுப்பியிருந்தான். அதனால் சீக்கிரமே ராஜா வந்துவிட்டார். தலையில் பானை அளவுக்குத் தலைப்பாகை. மினுமினுவென்று சாயம். பின்னால் இரண்டு பக்கமும் விசிறிக்காரர்கள், வரிசையாக, தார் பூசிய தூண்கள் மாதிரி. எல்லா முகமும் ஒரே முகமாக இருந்தது. மும்தாஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணுக்கு யாரும் பிடிபடவில்லை.

ராஜா தலையை ஆட்டினார். கோழி கேறுகிற மாதிரிதான் இருந்தது. உமர் நிமிர்ந்து உட்கார்ந்தான். ராஜா ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னொரு எட்டு. தண்ணீர் தெறித்தது.

எழுந்தார். சாயம் ஒழுகியது.

இடது ஓரத்தில், கடைசியில் நின்ற தூண் ஒன்று ஆடியது. விசிறி சரிந்தது. தார் பூசிய முகத்தில் பளீரென்று பற்கள் தெரிந்தன. தலை பின்னால் சாய்ந்து, தொண்டை தெரிய ஒரு சிரிப்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்சி மாறி ஒரு வெள்ளைக்காரி வந்துவிட்டாள்.

"பின்னால கொண்டுபோ," என்றான் உமர்.

மும்தாஜ் சுற்றினாள். ராஜா தண்ணீரிலிருந்து மேலே பறந்தார், மறுபடி விழுந்தார். இந்தத் தடவை சிரிப்பு வந்ததும் பொத்தானை அமுக்கினாள். படம் நின்றது. இரண்டு வெள்ளைக் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவில் இருபது சொச்சம் வயதில் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் நிமிர்ந்திருந்தது. மூட்டை ஏறாத தோள்.

உம்மா முழங்காலில் கையூன்றி எழுந்து டிவிக்குக் கிட்டே போனாள். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று பார்த்தாள்.

"பல்லு அவருதுதான்," என்றாள். திரும்பிவந்து பாயில் உட்கார்ந்தாள். "நாலு வருஷம் ஒரு தகவல் தாக்கல் இல்லாம நான் இங்கன அழுதுக்கிட்டு கெடந்தேன். மனுஷன் அங்கன சிரிச்சிக்கிட்டு நின்னிருக்காரு."

உம்மாவின் உதட்டோரம் லேசாக இழுத்தது.

"வெட்டல," என்றான் உமர். "வச்சிருக்கான். அப்ப தரணும்லா."

"ஆருகிட்டப் போயி கேப்ப? கேக்க வேண்டிய ஆளும் போயாச்சு." உம்மா துப்பட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீதான அன்னைக்கு ஊரக் கூட்டிப் பொருந்திக்கிடச் சொன்ன. நம்மளும் பொருந்திக்கிட வேண்டியதுதான். நான் பொருந்திக்கிட்டேன்."

உமர் தொப்பியைத் தலையில் வைத்தான். வாசலில் சொன்ன அதே குரலில், டிவியைப் பார்த்து, "நானும் பொருந்திக்கிட்டேன்" என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். "நீயும் சொல்லணும் லாத்தா. வாரிசு மூணு பேரு. ஒருத்தர் சொல்லாட்டாலும் பாக்கி நிக்கும்."

"நிக்கட்டுமே கொஞ்சம்," என்றாள் மும்தாஜ்.

அவன் வற்புறுத்தவில்லை. மும்தாஜ் மறுபடி பொத்தானை அமுக்கினாள். சிரிப்பு போனது. பின்னால் சுற்றினாள். சிரிப்பு வந்தது. நிறுத்தினாள். மடியில் பீடி இலை காய்ந்துகொண்டிருந்தது. ஆறாயிரம் லிராவுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று ஒருதடவை முஹ்சின் விசாரித்துச் சொல்லியிருந்தான். நாலு நாள் பீடி சுற்றினால் வந்துவிடும். அதை வாப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று அவள்தான் தடுத்துவிட்டாள்.

தெருவில் தள்ளுவண்டி வந்து நின்றது. "அக்கா, டெக்கு," என்று யாரோ கூப்பிட்டார்கள். உம்மா எழுந்து உள்ளே போனாள். உமர் கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றான்.

மும்தாஜ் சுளகை இறக்கிவைத்துவிட்டு டிவிக்கு முன்னால் போய்க் குனிந்தாள்.

"பொருந்திக்கிட்டேன்," என்றாள்.

பிறகு முந்தானை நுனியை விரலில் சுற்றி, கண்ணாடியில் அந்தக் காதுக்குப் பின்னால் பைய ஒருதடவை துடைத்தாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். துணியில் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.